ஜோடி பிரிந்தால் கணக்கு தப்பும்: கலப்பு மூலமுள்ள இருபடிக் கோவைகளில் பிழை நீக்கும் வழிமுறை

கட்டுப்பாட்டு அமைப்புக் கணக்கு தப்பும்போது பலர் முதலில் சந்தேகிப்பது கண்ட்ரோலரை, அடுத்து லாப்லாஸ் அட்டவணையை. தப்பு பெரும்பாலும் அதற்கு இரண்டு வரி மேலே, மாற்றுச் சார்பின் (வெளியீடு ÷ உள்ளீடு) பகுதியில், அதாவது பின்னத்தின் கீழ்ப்பக்கத்தில், இருக்கும் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்திய இடத்தில் கிடக்கும். கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால் கலப்பு மூலங்கள் தனியாக வராது. ஒன்று வந்தால் அதன் இணையும் (கற்பனைக் கூறின் குறி மட்டும் மாறியது) கூடவே வரும். அந்த ஜோடியை ஒரே இருபடியாகக் கட்டி வைத்திருக்கும்வரை பெரிய சிக்கல் வராது. பிரித்ததும், ஒன்றைத் தொலைத்ததும், வேறொன்றோடு சேர்த்துக் கட்டியதும்தான் கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம்.

எல்லா இடத்திலும் ஒரே கோவையை வைத்தே பார்ப்போம்: எஸ்² + 4எஸ் + 13. எஸ் என்பது லாப்லாஸ் உருமாற்றத்தின் மாறி, ஜே என்பது √(−1). ஐ என்ற எழுத்தை மின்னோட்டம் பிடித்துக்கொண்டதால் பொறியியலில் ஜே. சரியான விடைகளை முன்கூட்டியே தருகிறோம், உங்கள் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மூலங்கள் (துருவங்கள், வகுப்பில் சொல்லும் 'போல்கள்') −2 ± ஜே3. இயல்பு அதிர்வெண் √13 = 3.606 ரேடியன்/வினாடி. தணிப்பு விகிதம் 4 ÷ (2 × 3.606) = 0.5547. அலைவு உண்மையில் நடக்கும் அதிர்வெண் 3 ரேடியன்/வினாடி. தொகுதியில் (பின்னத்தின் மேல்பக்கத்தில்) வெறும் 13 மட்டும் இருந்தால் ஓவர்ஷூட் (இறுதி மதிப்பைத் தாண்டும் அளவு) 12.3 விழுக்காடு, உச்சம் தொடும் நேரம் 1.047 வினாடி, 2 விழுக்காட்டு வரம்புக்குள் அடங்க ஏறக்குறைய 2 வினாடி.

கணிப்பான் 'தீர்வு இல்லை' என்கிறது, அல்லது பிழைச் செய்தி காட்டுகிறது

தன்மைக்காட்டி (பி² − 4ஏசி) 16 − 52 = −36. சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் படித்தவர்கள் இந்த இடத்தில் "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிப் பழகியவர்கள். அங்கே அதற்கு மதிப்பெண் உண்டு. இங்கே கணக்கு தொடங்குவதே அங்கிருந்துதான். தொடக்கக் கல்லூரி வழியாக வந்தவர்கள் கலப்பெண்களைக் கொஞ்சம் புரட்டியிருப்பார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு நேரே வந்தவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள்.

சூத்திரத்தைவிட வர்க்கப் பூர்த்தி மேல் என்பது எங்கள் கட்சி. 4இல் பாதி 2. அதன் வர்க்கம் 4. 13இலிருந்து 4 போனால் 9. ஆக (எஸ் + 2)² + 9. மூலங்களின் மெய்க் கூறு −2, கற்பனைக் கூறு ±√9 = ±3. லாப்லாஸ் அட்டவணை கேட்பதும் இதே வடிவத்தைத்தான், அதனால் பின்னால் ஒரு படி மிச்சம்.

கணிப்பானில் சமன்பாட்டுப் பிரிவுக்கென்று தனியாகக் 'கலப்பு விடை காட்டு / காட்டாதே' என்ற அமைப்பு இருக்கும் மாடல்கள் உண்டு. அது அணைந்திருந்தால் கணிப்பான் கைவிரித்துவிடும். பைத்தானில் நம்பையின் சாதாரண வர்க்கமூலக் கட்டளைக்கு −36ஐக் கொடுத்தால் 'எண் அல்ல' என்ற குறிதான் திரும்பும். உள்ளே போகும் எண்ணைக் கலப்பெண்ணாக மாற்றிக் கொடுங்கள். மேட்லேபில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறு தொல்லை: நிரலில் எங்கோ ஐ அல்லது ஜேயை எண்ணிக்கை மாறியாகப் பயன்படுத்தியிருந்தால் அதன்பின் அது √(−1) ஆக இருக்காது. 3ஜே என்று எண்ணை ஒட்டியே எழுதினால் தப்பிக்கலாம்.

பெருக்கிப் பார்த்தால் பழைய கோவை வரவில்லை

எந்த உறுப்பு மாறியிருக்கிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

கடைசி எண் 13க்குப் பதில் −5 வந்தால், ஜே² = −1 என்பதை விட்டுவிட்டீர்கள்: 4 + 9 என்பது 4 − 9 ஆகிவிட்டது. நடு உறுப்பு −4எஸ் ஆக வந்தால் மூலத்தையே காரணியாக எழுதியிருக்கிறீர்கள். மூலம் −2 + ஜே3 என்றால் காரணி (எஸ் + 2 − ஜே3). இந்தக் குறித் தப்பு சாதாரணமானதல்ல: எஸ்² − 4எஸ் + 13க்குத் துருவங்கள் +2 ± ஜே3, அதாவது நிலையான அமைப்பு ஒரே கையெழுத்தில் நிலையற்றதாகிவிடுகிறது.

எல்லா உறுப்பும் ஒரே மடங்கில் குறைந்திருந்தால் தலைக்கெழுவைத் தொலைத்திருக்கிறீர்கள். 26 ÷ (2எஸ்² + 8எஸ் + 26) என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். பகுதியை 2ஆல் வகுத்து (எஸ் + 2)² + 9 என்று எழுதிவிட்டுத் தொகுதியில் 26ஐ அப்படியே விட்டால், 1இல் நிற்க வேண்டிய வரைபடம் 2இல் போய் நிற்கும். மூலங்கள் சரி, அலைவு சரி, ஓவர்ஷூட் விழுக்காடும் சரி. உயரம் மட்டும் இரட்டிப்பு. மூலங்களை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

கெழுக்களில் ஜே ஒட்டிக்கொண்டு வருகிறது

இதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, தப்பான ஜோடி. எஸ்⁴ + 4எஸ்³ + 35எஸ்² + 62எஸ் + 130 என்ற கோவைக்கு மூலங்கள் −1 ± ஜே2, −1 ± ஜே5. மெய்க் கூறு நான்குக்கும் ஒன்றே என்பதால் அவசரத்தில் −1 + ஜே2ஐ −1 − ஜே5ஓடு சேர்த்துவிட முடியும். வருவது எஸ்² + (2 + ஜே3)எஸ் + (11 + ஜே3). ஜே வெளியே தெரிந்தாலே ஜோடி மாறிவிட்டது என்று பொருள். சரியான கட்டு (எஸ்² + 2எஸ் + 5)(எஸ்² + 2எஸ் + 26). ஜோடி சேர்க்கும்போது மெய்க் கூறை மட்டும் பார்க்காதீர்கள். கற்பனைக் கூறின் அளவையும் பாருங்கள், குறி மட்டும் எதிராக இருக்க வேண்டும்.

இரண்டு, ஒன்றை மட்டும் சுருக்கி எழுதியது. −2 + ஜே3க்கு இணையாக −2.01 − ஜே3 என்று தட்டச்சு செய்தால் பெருக்கல் 13.02 − ஜே0.03 ஆகும். மிச்சக் கற்பனைக் கூறின் அளவைக் கொண்டு காரணத்தைப் பிரிக்கலாம். 10⁻¹⁵ அளவில் இருந்தால் அது கணினியின் மிதவை எண் தூசி, மெய்க் கூறை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். 0.03 அளவில் இருந்தால் அது தூசி அல்ல, நீங்கள் போட்ட தப்பு. அதை 'மெய்க் கூறு மட்டும்' என்ற கட்டளையால் துடைத்துவிட்டு மேலே போவது குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவதுதான்.

மூலங்கள் விசித்திரமாகச் சின்னதாக வருகின்றன: −0.154 ± ஜே0.231

கெழுக்களைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள். மேட்லேபின் ரூட்ஸ் கட்டளையும் நம்பையின் பழைய ரூட்ஸ் கட்டளையும் உயர்ந்த படியிலிருந்து தொடங்கும்: 1, 4, 13. நம்பையின் புதிய பாலினாமியல் தொகுப்பு குறைந்த படியிலிருந்து தொடங்கும்: 13, 4, 1. வரிசை மாறினால் ஒவ்வொரு மூலத்துக்கும் அதன் தலைகீழி கிடைக்கும். இதில் ஏமாற்றுவது எது என்றால், தணிப்பு விகிதம் மாறாமல் அதே 0.5547 ஆகவே இருக்கும். ஓவர்ஷூட்டை மட்டும் ஒப்பிட்டால் 'சரி' என்று தோன்றும். நேர அளவு 13 மடங்கு நீண்டிருக்கும்.

இல்லாத அலைவு முளைக்கிறது

எஸ்² + 2.8284எஸ் + 2 என்பது விளிம்பில் நிற்கும் கோவை, மூலம் −1.414 இரட்டையாக. நடுக்கெழுவை 2.83 என்று எழுதினால் −1.368, −1.462 என்று இரண்டு மெய் மூலங்கள். 2.82 என்று எழுதினால் −1.41 ± ஜே0.109 என்ற கலப்பு ஜோடி. ஒரு நூறில் ஒன்று மூலத்தின் இனத்தையே மாற்றுகிறது. பதற வேண்டாம். அந்தக் கலப்பு ஜோடியின் ஓவர்ஷூட் 10⁻¹⁸ அளவில். எந்த அலைக்காட்டியிலும் தெரியாது. தன்மைக்காட்டி பூஜ்யத்துக்கு மிக அருகில் இருந்தால் 'மெய்யா, கலப்பா' என்ற கேள்விக்கே பொருள் கிடையாது.

கணினியிலும் இதே கதைதான். (எஸ் + 1)⁴ஐ விரித்து மூலம் கேட்டால் −1ஐச் சுற்றி 0.0001 அளவு தள்ளிச் சில கலப்பு மூலங்கள் கிடைக்கும். இரட்டைத் துல்லியத்தின் 2.2 × 10⁻¹⁶ என்ற பிழை, நான்கு மடங்கு மூலத்தில் அதன் நான்காம் மூலமாகப் பெருத்துவிடுகிறது. இதன் உச்சக்கட்டத்தைக் காட்டியவர் கணித அறிஞர் ஜேம்ஸ் வில்கின்சன். 1 முதல் 20 வரை மூலங்கள் உள்ள 20ஆம் படிக் கோவையில் −210 என்ற ஒரே கெழுவை 2⁻²³ மட்டும் அசைத்தால் பத்து மூலங்கள் கலப்பாகிவிடும், அவற்றில் ஒரு ஜோடி 16.73 ± ஜே2.81. ஆகவே உயர்படி மாற்றுச் சார்பை விரித்து வைக்காதீர்கள். இருபடித் துண்டுகளாகக் கிடைத்தால் துண்டுகளாகவே வைத்திருங்கள்.

முப்படிக் கோவை பிடிகொடுக்கவில்லை

படி ஒற்றை எண்ணாக இருந்தால் ஒரு மெய் மூலமாவது இருந்தே தீரும். முதலில் அதைப் பிடியுங்கள். எஸ்³ + 6எஸ்² + 21எஸ் + 26இல் −2ஐப் போட்டால் −8 + 24 − 42 + 26 = 0. வகுத்தால் நம்முடைய எஸ்² + 4எஸ் + 13. மீதி பூஜ்யமாக வராவிட்டால் மூலம் தப்பு. மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈவை மட்டும் எடுத்துக்கொண்டு நகராதீர்கள்.

படி உள்ளீட்டு வரைபடம் தொடக்கத்திலேயே தப்பாக இருக்கிறது

இது நின்று பார்க்க வேண்டிய இடம், ஏனெனில் வரைபடத்தின் முதல் சில புள்ளிகளே எந்த வரியில் சறுக்கினீர்கள் என்று காட்டிக்கொடுக்கும்.

படி உள்ளீடு என்றால் 0இலிருந்து 1க்குத் தாவும் உள்ளீடு, அதன் லாப்லாஸ் வடிவம் 1/எஸ். சரியான வழி: 13 ÷ [எஸ்(எஸ்² + 4எஸ் + 13)] = 1/எஸ் − (எஸ் + 4) ÷ (எஸ்² + 4எஸ் + 13). மேலே இருக்கும் எஸ் + 4ஐ (எஸ் + 2) + 2 என்று உடைக்க வேண்டும், கீழே (எஸ் + 2)² + 9 இருப்பதால். மீந்த 2ஐ அட்டவணைக்கு ஏற்ப (2/3) × 3 ஆக்க வேண்டும். விடை: 1 − ஈ^(−2டி) [கோஸ் 3டி + (2/3) சைன் 3டி]. டி = 0இல் மதிப்பு 0, சரிவும் 0.

வரைபடம் 0இல் தொடங்காமல் 1இல் தொடங்கினால்: இருபடிக்கு மேலே வெறும் மாறிலியை வைத்திருக்கிறீர்கள். பகுதிப் பின்னத்தில் இருபடியின் தொகுதிக்கு 'பிஎஸ் + சி' என்று இரண்டு உறுப்பு வேண்டும்.

0இல் தொடங்கி முதலில் கீழே போய் மேலே ஏறினால்: 2ஐ 3ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். சைனின் கெழு 2/3க்குப் பதில் 2 ஆனால் தொடக்கச் சரிவு −4. கீழே குதிப்பதைப் பார்த்து 'வலது பக்கம் ஜீரோ (தொகுதியின் மூலம்) இருக்கிறதோ' என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

0இல் தொடங்கி உடனே +4 சரிவோடு பாய்ந்தால்: சைனின் குறி மாறிவிட்டது. கணினியில் இது நடக்கும் விதம் வேடிக்கையானது. −2 + ஜே3 என்ற துருவத்துக்கு உரிய எச்சம் (பகுதிப் பின்னத்தில் அந்தத் துருவத்துக்கு மேலே வரும் எண்) −0.5 + ஜே0.333. மேட்லேபில் நெடுவரிசையைக் கிடைவரிசையாக்க ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அது திருப்புவதோடு ஒவ்வொரு எண்ணின் இணையையும் எடுத்துவிடும். எச்சங்களுக்கு மட்டும் அதைப் போட்டுத் துருவங்களை விட்டுவிட்டால் ஒவ்வொரு துருவமும் அடுத்தவரின் எச்சத்தோடு ஜோடி சேரும். மேற்கோள் குறிக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் வெறும் திருப்பல் மட்டும் நடக்கும்.

உச்சம் தப்பான நேரத்தில், அல்லது ஓவர்ஷூட் தாறுமாறாக

உச்ச நேரம் 0.871 வினாடி என்று வந்தால் பையை 3.606ஆல் வகுத்திருக்கிறீர்கள். வகுக்க வேண்டியது கற்பனைக் கூறான 3ஆல். 3 ரேடியன்/வினாடி என்பது 0.477 ஹெர்ட்ஸ், 3 ஹெர்ட்ஸ் அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் ஓவர்ஷூட் 12.3ஐ நெருங்கவே இல்லை என்றால் தொகுதியைப் பாருங்கள். சூத்திரம் மேலே மாறிலி மட்டும் இருந்தால்தான் செல்லும். அதே துருவங்களோடு தொகுதி 13(எஸ் + 1) ஆனால் உச்சம் 0.416 வினாடியில் 2.375ஐத் தொடும்: 137.5 விழுக்காடு. ஒரு மின்தூக்கி இப்படி நடந்துகொண்டால் நான்காம் மாடிக்குப் போக நினைத்தவர் ஒன்பதாம் மாடியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். துருவங்களைப் பொருத்தி வடிவமைத்த பிஐடி கண்ட்ரோலர் எதிர்பார்ப்பை மீறித் தாண்டுவதற்கு அது தன்னோடு கொண்டுவரும் ஜீரோக்களே வழக்கமான காரணம்.

கோணம் 180 பாகை தள்ளி வருகிறது

−2 + ஜே3இன் கோணம் 123.69 பாகை. டேன்⁻¹(3 ÷ −2) என்று தட்டினால் கணிப்பான் −56.31 சொல்லும், ஏனெனில் எந்தக் குறி மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று அதற்குத் தெரியாது. மெய்க் கூறு எதிர்மறையாக இருந்தால் 180 கூட்டுங்கள். போடே வரைபடத்தில் (அதிர்வெண்ணுக்கு எதிராக அளவையும் கட்டத்தையும், அதாவது கோணத்தையும், வரைவது) இதே தப்பு திடீர்த் தாவலாகத் தெரியும்: 6 ரேடியன்/வினாடியில் பகுதி −23 + ஜே24; கட்டம் −133.8 பாகையாக இருக்க வேண்டும், +46.2 என்று வந்து நிற்கும். தாவல் சரியாக 3.606இல் நடந்தால் சந்தேகமே வேண்டாம்.

50 ஹெர்ட்ஸ் நாட்ச் வடிகட்டி இரைச்சலை வெட்டவில்லை

சிங்கப்பூரில் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சென்சார் கம்பியில் ஏறும் அந்த இரைச்சலை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டிக்கு ஜீரோக்கள் ±ஜே314.16இல் வேண்டும், அதாவது தொகுதி எஸ்² + 98,696. 50இன் வர்க்கமான 2,500ஐப் போட்டவர்களுக்கு 7.96 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். அமெரிக்கப் பாடநூலிலிருந்து 142,122ஐ நகலெடுத்தவர்களுக்கு 60 ஹெர்ட்ஸில்.

மைக்ரோகண்ட்ரோலருக்கு மாற்றும்போது எஸ்ஸுக்குப் பதில், மாதிரி எடுத்த சமிக்ஞைக்கு உரிய இஸட் வரும்; இருபடி இஸட்² − 2 கோஸ்(கோணம்) இஸட் + 1 என்றாகும். வினாடிக்கு 1,000 மாதிரி எடுத்தால் கோணம் 18 பாகை, நடுக்கெழு −1.90211. இதை −1.90 என்று சுருக்கினால் பள்ளம் 50.54 ஹெர்ட்ஸுக்கு நகரும், −1.902 என்றால் 50.03, பரவாயில்லை. 'வேகமாக மாதிரி எடுத்தால் நல்லதுதானே' என்று 10,000க்குப் போனால் நடுக்கெழு −1.99901. மூன்று தசமத்தில் நிறுத்தினால் 50.33. இரண்டு தசமத்தில் நிறுத்தினால் −2.00, கோணம் பூஜ்யம், பள்ளம் 0 ஹெர்ட்ஸில். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அப்படியே இருக்கும், சென்சாரின் அளவீடுதான் காணாமல் போகும். மாதிரி வேகம் கூடக்கூடத் தசம இடங்களும் கூட வேண்டும்.

துருவங்களை அதே கோணத்தில், 0.95 ஆரத்தில் வைத்தால் 1,000 மாதிரிக்குப் பகுதி இஸட்² − 1.80701இஸட் + 0.9025. இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அளவீடு நிரந்தரமாக 2.5 விழுக்காடு கூடுதலாகக் காட்டுகிறது என்று சென்சாரை மாற்றுகிறார்கள். இஸட் = 1 (0 ஹெர்ட்ஸ், அதாவது மாறாத அளவீடு) போட்டுப் பாருங்கள்: மேலே 0.09789, கீழே 0.09549. வடிகட்டி முழுவதையும் 0.9755ஆல் பெருக்குங்கள், சென்சாரைத் தொட வேண்டாம்.